விடிய விடிய ஒரு வார்த்தைக்காக

பிரேசிலின் பெலெம் நகரில் 2025 நவம்பரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக் கடிதங்களில் கோபம், மீதியில் சந்தேகம். 'இந்த முறை பக்கம் முழுக்க அதுவே இருக்கட்டும்' என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் விஞ்ஞானி இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருஷம் லேத் ஓட்டியவன். அதில் 19 வருஷம் சங்கச் செயலாளர். ஆறு சம்பள ஒப்பந்தங்களில் என் கையெழுத்து இருக்கிறது. கரியமில வாயுவைப் பற்றிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இழுபறி பேசுவதைப் பற்றி மட்டும் பட்டுத் தெரிந்தவன்.

பூமி சூடானால் எல்லாருக்கும்தானே கெடுதல்? 30 மாநாடு முடிந்தும் ஏன் ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், கொளத்தூர்

தம்பி, கெடுதல் எல்லாருக்கும்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் வராது, ஒரே நாளிலும் வராது. மாலத்தீவில் பெரும்பாலான நிலம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. அவர்களுக்கு இது வீட்டைக் காலி செய்யும் பிரச்சினை. சவுதி அரேபியாவுக்கு, உலகம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினால் கஜானா காலி. ரஷ்யாவுக்கு வடக்கே பனி உருகினால் புதுக் கப்பல் பாதை திறக்கிறது. நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. இத்தனை பேரும் ஒரே மண்டபத்தில், ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. 1995-ல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது, ஓட்டெடுப்பு எப்படி நடத்துவது என்ற 42-ஆம் விதியில் உடன்பாடு வரவில்லை. எண்ணெய் நாடுகள் அதை விடவில்லை. மற்ற விதிகளை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டத் தொடங்கினார்கள். 30 வருஷமாக அந்த விதி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. அதனால் எதுவானாலும் ஒருமித்த கருத்து வேண்டும். எங்கள் சங்கப் பொதுக்குழுவில் கை தூக்கச் சொல்லி எண்ணிவிடுவோம். தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போவார், அடுத்த நாள் வேலைக்கு வந்துவிடுவார். அங்கே முணுமுணுப்பவர் நினைத்தால் தீர்மானத்தையே நிறுத்திவிடலாம்.

சில சமயம் தலைவர், நிறைவேறியது என்று சுத்தியலைத் தட்டிவிட்டுப் போவதும் உண்டு. 2010-ல் மெக்சிகோவின் கான்கூனில் பொலிவியா மட்டும் எதிர்த்து நின்றது. ஒருமித்த கருத்து என்பது ஒரே ஒரு நாட்டின் கையில் தடை உரிமையைக் கொடுப்பது ஆகாது என்று சொல்லி, தலைவர் பாட்ரிசியா எஸ்பினோசா தட்டிவிட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பொலிவியா நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால் அந்தக் கைதட்டல் வேறு மாதிரி கேட்கும்.

ஒரு வார்த்தையை மாற்றுவதற்காக விடிய விடிய உட்கார்ந்தார்கள் என்று படித்தேன். படித்தவர்கள் செய்யும் வேலையா இது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

அம்மா, படித்தவர்கள்தான் செய்வார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஒப்பந்தம். ராத்திரி பதினொன்றே கால். காலையிலிருந்து பேச்சு. வயிற்றில் ஒரு பன்னும் டீயும் மட்டும். ஆண்டுக்கு ஒரு ஜோடி பாதுகாப்புக் காலணி என்று பேசி முடித்திருந்தோம். ஆங்கிலத்தில் டைப் அடித்து வந்தது. 'ஷல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மே' இருந்தது. கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது, கொடுத்தாலும் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. சம்பளத் தொகை சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தோம், அந்த வரியை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று வருஷம் ஒரு காலுக்கும் காலணி வரவில்லை. கேட்டால் நிர்வாகம் அந்த 'மே'யைத் தொட்டுக் காட்டும். இரும்புச் சீவல் குத்தி வீங்கிய காலோடு ஒரு உதவியாளர் பையன் என் முன்னால் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2015 டிசம்பர் 12, பாரிஸ் மாநாட்டின் கடைசி நாள். இறுதி வரைவு கைக்கு வருகிறது. நான்காம் பிரிவில், வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுக்க உமிழ்வைக் குறைக்கும் இலக்கோடு முன்னால் போக வேண்டும் என்ற இடத்தில் 'ஷல்' இருக்கிறது. அமெரிக்கக் குழு அதிர்ந்துவிட்டது. கட்டாயம் என்று வந்தால் அது செனட் சபைக்குப் போக வேண்டும். அந்தச் சபை 1997-லேயே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தம் எதிலும் சேரக் கூடாது என்று 95-க்கு 0 என்று தீர்மானம் போட்ட சபை. அங்கே போனால் செத்தது. ஓடினார்கள், பேசினார்கள். கடைசியில் மேடையிலிருந்து, சில எழுத்துப் பிழைகள் திருத்தப்படுகின்றன என்று கமாவையும் முற்றுப்புள்ளியையும் படிக்கிற தொனியில் படித்தார்கள். அந்தப் பட்டியலுக்குள் 'ஷல்' போய் 'ஷுட்' வந்தது. செய்தே ஆக வேண்டும் என்பது செய்வது தகும் என்று ஆனது. நிகரகுவா முணுமுணுத்தது. சுத்தியல் விழுந்துவிட்டது.

எங்களுக்கு 'மே'யை யார் மாற்றி அடித்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. பாரிஸில் அது மாறியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊர் உலகம் ஒத்துக்கொண்டது. மாற்றாவிட்டால் அமெரிக்கா எழுந்து போய்விடும் என்ற பயம். மாற்றிக் கொடுத்தும் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை விட்டு 2020-ல் வெளியே போனது, 2021-ல் உள்ளே வந்தது, 2025-ல் மறுபடி வெளியேறும் ஓலையை நீட்டியது. பெலெம் மாநாட்டுக்கு அதிகாரபூர்வக் குழுவையே அனுப்பவில்லை.

கிளாஸ்கோவில் நிலக்கரி விஷயத்தில் இந்தியா உலகத்தையே கவிழ்த்துவிட்டதாமே?
– வாசகர், நெய்வேலி (இப்போது முகப்பேர்)

சொந்த ஊர்ப் பாசம் தெரிகிறது. நடந்தது இதுதான். 2021 நவம்பர் 13, மாநாடு முடிய வேண்டிய நாள் தாண்டி ஒரு நாள் ஆகிவிட்டது. வரைவில், கரியமிலப் பிடிப்பு (புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துவைப்பது) இல்லாத நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக 'நிறுத்துவது' என்று இருந்தது. படிப்படியாகக் 'குறைப்பது' என்று மாற்றும் வரியை நம் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து படித்தார். தலைவர் அலோக் ஷர்மா மன்னிப்புக் கேட்டுக் குரல் தழுதழுத்தார். மறுநாள் பத்திரிகைகளில் பழி முழுக்க இந்தியா தலையில்.

அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால், அங்கேயே 'குறைப்பது' என்ற சொல்தான் இருக்கிறது. இரண்டு பெரிய முதலாளிகள் தங்களுக்குள் முடிவு செய்த வார்த்தையை மேடையில் படிக்கும் வேலை நமக்கு வந்து சேர்ந்தது. கேட் மீட்டிங்கில் கெட்ட சேதி சொல்ல எப்போதும் என்னைத்தான் ஏற்றிவிடுவார்கள், அந்த மாதிரி.

இன்னொரு கேள்வியும் நியாயமானது: நிலக்கரியை மட்டும் ஏன் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்? எண்ணெயும் எரிவாயுவும் எரிந்தால் புகை வராதா? நம்மிடம் இருப்பது நிலக்கரி, பணக்கார நாடுகள் அதிகம் நம்பியிருப்பது மற்ற இரண்டையும். அடுத்த ஆண்டு எகிப்தில், எல்லாப் புதைபடிவ எரிபொருள்களையும் குறைப்போம் என்று எழுதுங்கள் என இந்தியா கேட்டது. பல நாடுகள் ஆதரித்தும் இறுதி ஆவணத்தில் அது வரவில்லை.

இதெல்லாம் சரி. ஆனால் எங்கள் லேத் பிரிவில் 'அவன் மட்டும் லேட்டா வரலையா சார்' என்று சொல்பவனும் லேட்டாக வந்தவன்தான். 2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதியைப் புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றிலிருந்து கொண்டுவருவேன் என்று சொன்ன இந்தியா, 2025-லேயே அதைத் தொட்டுவிட்டது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் திறன் வேறு, ஓடுவது வேறு. சூரிய தகடு ராத்திரி தூங்கும், ஆடி போனால் முப்பந்தல் காற்றாலையும் களைத்துவிடும். அப்போது நாம் ஃபேன் போட்டால் சுற்றுவது நிலக்கரிதான்.

எண்ணெய் விற்கும் நாட்டில் போய்க் காலநிலை மாநாடு நடத்தலாமா?
– வாசகர், பல்லாவரம்

கள்ளுக்கடையில் மதுவிலக்குக் கூட்டம் என்று நானும் சிரித்தேன். 2023-ல் துபாய் மாநாட்டின் தலைவர், அந்நாட்டு எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அதிகாரி. ஆனால் புதைபடிவ எரிபொருள்களை விட்டு நகர வேண்டும் என்ற வாசகம் அந்த மாநாட்டில்தான் முதன்முதலாக வந்தது. அதற்குமுன் 27 மாநாடுகளின் முடிவுகளில் எண்ணெயை விட்டு நகர்வது என்ற பேச்சே கிடையாது. அதை எப்படி நகர்வது என்று ஒரு வழிவரைபடம் வேண்டும் என 80-க்கும் மேற்பட்ட நாடுகள் பெலெமில் கேட்டன. இறுதி ஆவணத்தில் அது இல்லை. சிரிப்பை முழுதாக விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சீனா வளரும் நாடாம்! யாரை ஏமாற்றுகிறார்கள்?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நங்கநல்லூர்

சீனா மட்டுமா? துபாயும் சிங்கப்பூரும்கூட அந்தக் கணக்கில் வளரும் நாடுகள்தான். நம் பையன்கள் வளர்ந்த நாடு என்று நினைத்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகும் இடங்கள்.

1992-ல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தம் எழுதியபோது ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருப்பவர்கள் முதலில் குறைக்க வேண்டும். அதில் பணக்காரர்கள் பணமும் தர வேண்டும். இல்லாதவர்கள் தங்களால் ஆனதைச் செய்யலாம். 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்று இதற்குப் பெயர். பணம் தர வேண்டிய பட்டியலில் மாட்டிக்கொண்ட துருக்கி, பத்து வருஷம் மல்லுக்கட்டி அதிலிருந்து பெயரை எடுக்க வைத்தது. தானாக முன்வந்து பட்டியலில் சேர்கிறேன் என்று எந்தப் பெரிய பொருளாதார நாடும் வரவில்லை. பஞ்சப்படிக் கணக்கில் அடிப்படை ஆண்டை மாற்ற எந்தத் தரப்பும் லேசில் சம்மதிக்காது, அதே கதை.

இன்று ஆண்டுக் கணக்கில் உலகிலேயே அதிகம் உமிழ்வது சீனா. தலைக்கு எட்டு டன்னுக்குப் பக்கம். ஐரோப்பியரைத் தாண்டிவிட்டது. ஆனால் தொழிற்புரட்சியிலிருந்து கூட்டினால் காற்றில் ஏறிய கரியமிலத்தில் சுமார் கால் பங்கு அமெரிக்காவுடையது. ஆண்டுக் கணக்கா, மொத்தக் கணக்கா, தலைக்கணக்கா? எந்தக் கணக்கைக் கையில் எடுக்கிறார் என்று பார்த்தால் பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும். இந்தியா எப்போதும் தலைக்கணக்குதான் சொல்லும். அது நமக்குச் சாதகம். நியாயமும்கூட. இரண்டும் ஒன்றாக அமைவது அதிர்ஷ்டம், அது என்றைக்கும் நீடிக்காது. சீனாவோடு ஒரே அணியில் இருந்துகொண்டே, சீனா வேறு நாம் வேறு என்றும் சொல்ல வேண்டிய இடத்துக்கு இந்தியா வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சுவார்த்தைகளில் நம்மூர்க்காரர்கள் யாராவது இருந்திருக்கிறார்களா?
– வாசகி, திருவல்லிக்கேணி

இருந்திருக்கிறார்கள். 2002-ல் புதுதில்லியில் எட்டாவது மாநாடு நடந்தபோது அதற்குத் தலைவர், அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் டி.ஆர்.பாலு.

அதைவிடச் சூடான காட்சி 2011-ல் டர்பனில். வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய மாநாடு ஞாயிறு விடியற்காலை வரை இழுத்துவிட்டது. பல நாட்டுப் பிரதிநிதிகள் விமானத்துக்குப் போய்விட்டார்கள். எல்லா நாடுகளையும் ஒரே சட்டக் கயிற்றில் கட்டும் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐரோப்பா. அதில் என்ன எழுதியிருக்கும் என்றே தெரியாமல் 120 கோடிப் பேரின் உரிமையை வெற்றுக் காசோலையாக எழுதிக் கொடுக்க முடியாது என்று நம் அமைச்சர் ஜெயந்தி நடராஜன். பிறந்தது சென்னையில். ஐரோப்பாவின் பேச்சாளர் கோனி ஹெடகார்டும் பெண்தான். 'நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள்' என்று தலைவி சொல்ல, மண்டபத்தின் நடுவிலேயே நின்றபடி பேசினார்கள். சுற்றிலும் அதிகாரிகள் மொய்த்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தால் கோயில் பிரசாத வரிசை மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு பிரேசில்காரர் வார்த்தை எடுத்துக் கொடுத்தார்: 'சட்ட வலுவுள்ள, ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு'.

படித்துப் பாருங்கள். 'சட்ட வலு' என்பதைப் பார்த்து ஐரோப்பா நிம்மதியாக ஊருக்குப் போகலாம். 'ஒப்புக்கொள்ளப்பட்ட' என்பதைப் பார்த்து இந்தியாவும் போகலாம். அந்த வரியிலிருந்துதான் நாலு வருஷத்தில் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. அம்பத்தூரில் இப்படி வார்த்தை எடுத்துக் கொடுப்பதற்கென்றே தொழிலாளர் துறையில் ஒரு அதிகாரி இருந்தார். இரண்டு தரப்பும் அவரைத் திட்டும். அவர் இல்லாமல் ஒன்றும் முடியாது.

ஐரோப்பாவுக்கு போல்ட், நட்டு ஏற்றுமதி செய்கிறோம். வாங்குபவர் கரியமிலக் கணக்கு கேட்கிறார். எனக்கும் இந்த மாநாட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– சிறுதொழில் முனைவர், அம்பத்தூர்

சம்பந்தம் உங்கள் பில்லில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆலைகளிடம் உமிழ்வுக்கு விலை வாங்குகிறது. அந்த விலை இல்லாத நாட்டிலிருந்து மலிவாகச் சரக்கு வந்தால் தன் ஆலை படுத்துவிடும் என்று எல்லையில் ஒரு கட்டணம் வைத்திருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் காசும் சேர்ந்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் உண்டு. இரும்பு, எஃகு போல்ட்டும் நட்டும் உண்டு. திருப்பூர் பனியன் இப்போதைக்குத் தப்பித்தது.

காசைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் அதை யார் விலையில் கழிப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பி எந்த உருக்காலையில் வந்தது, அது ஊதுலையா மின் உலையா என்ற விவரத்தை இப்போதே கம்பி விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கு கொடுக்காவிட்டால் அவர்களே ஒரு தொகை போடுவார்கள், அது உங்களுக்கு லாபமாக இருக்காது. உள்நாட்டில் கரியமிலத்துக்கு விலை கட்டியிருந்தால் கழித்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. நம் அரசு 2023-ல் கரியமிலச் சந்தைத் திட்டம் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மாநாட்டில் இந்தியா இதை ஒவ்வொரு ஆண்டும் எழுப்புகிறது. காலநிலையின் பெயரால் வணிகத்துக்கு மறைமுகத் தடை போடக் கூடாது என்று 1992 ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது. ஐரோப்பா, இது தடையே இல்லை, சமநீதி என்கிறது. நூறு வருஷம் கரி எரித்துப் பணக்காரரானவர் இன்று அம்பத்தூர் பட்டறையிடம் புகைக் கணக்கு கேட்பது எனக்குக் கடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கடுப்பை இன்வாய்சில் சேர்க்க முடியாது.

மீனவர் பக்கத்திலிருந்து கேட்கிறேன். குட்டித் தீவு நாடுகள் கத்துவதை யாராவது காதில் வாங்குகிறார்களா?
– வாசகர், காசிமேடு

உங்கள் சங்கத்தில் கட்டுமரக்காரர் குரலுக்கும் விசைப்படகுக்காரர் குரலுக்கும் உள்ள வித்தியாசம்தான். தீவு நாடுகள் சேர்ந்து 1990-லேயே கூட்டணி வைத்தன, இன்று அதில் 39 பேர். கடல் ஏறி ஊர் போனால் அதற்கு ஒரு காப்பீட்டு நிதி வேண்டும் என்று அவர்கள் சார்பில் வனுவாட்டு 1991-ல் கேட்டது. அன்று அதை ஏற்கவில்லை. 'இழப்பும் சேதமும்' என்ற பெயரில் ஒரு நிதி வைக்க ஒத்துக்கொள்ளவே 2022 ஆனது. 2009-ல் மாலத்தீவு அமைச்சரவை ஆக்சிஜன் உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் கூட்டம் போட்டது. படம் உலகம் முழுக்க வந்தது. பூமியின் சூடு இதற்கு மேல் ஏறாமல் பார்க்க முயல வேண்டும் என்று பாரிஸ் ஒப்பந்தத்தில் 1.5 டிகிரி என்ற எண் நுழைந்ததற்கு இவர்கள் விடாமல் நச்சரித்ததே பெரிய காரணம்.

அப்புறம் துபாயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முடிவு நிறைவேறியது என்று சுத்தியல் தட்டியபோது தீவு நாடுகளின் பிரதிநிதிகள் மண்டபத்திலேயே இல்லை. தங்களுக்குள் கலந்து பேசிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சமோவாவின் பேச்சாளர் அதைச் சொன்னபோது எல்லாரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். ஆவணத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

இந்தியாவின் தலைக்கு இரண்டு டன், அமெரிக்காவின் தலைக்குப் பதினான்கு டன் என்று போன இதழில் எழுதினீர்கள். சாம்பல் படிந்த ஆற்றில் இறால் தடவும் எங்கள் தலைக்கு எவ்வளவு, ஐயா?
– வாசகி, எண்ணூர்

இந்தக் கடிதத்தை ஆசிரியர் அலுவலகத்திலேயே இரண்டு முறை படித்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

தலைக்கணக்கு என்ற வாதம் பிறந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். 1990-ல் ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம், நம் நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும் மீத்தேனைக் கூட்டி இந்தியாவைப் பெரிய குற்றவாளிகள் வரிசையில் நிறுத்தியது. தில்லியிலிருந்து சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அடுத்த ஆண்டே பதில் எழுதினார்கள். உயிர் பிழைக்க விடும் புகையும் சொகுசுக்கு விடும் புகையும் ஒன்றா என்று கேட்டார்கள். இந்தியா இன்றுவரை மாநாட்டு மேசையில் வைக்கும் வாதத்துக்கு வேர் அது.

ஆனால் சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய கோபம் வரும். ஒரு பேச்சுவார்த்தையில் நிர்வாகம், உங்கள் சராசரிச் சம்பளம் பக்கத்து ஆலையைவிட அதிகம் என்று தாளை நீட்டியது. கேன்டீனில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம், எங்களில் ஒருவருக்கும் அந்தத் தொகை வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மேலாளர்கள் சம்பளத்தையும் சேர்த்து வகுத்திருக்கிறார்கள்.

உங்கள் தலைக்கு எவ்வளவு என்று என்னால் எண் சொல்ல முடியாது. இரண்டு டன் வராது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். இரண்டு ஏசியும் இரண்டு காரும் வைத்திருப்பவரையும் உங்களையும் சேர்த்து வகுத்ததில் வந்த எண் அது. உங்களால் அவர் கணக்கு குறைகிறது, அவருக்காக உங்கள் கொசஸ்தலையாற்றில் சாம்பல் சேர்கிறது. 2019-ல் ஒரு கூட்டத்துக்காகக் காட்டுக்குப்பம் பக்கம் வந்திருந்தேன். கரையோரத்தில் கால் வைத்தால் சிமென்ட் குழைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே படுத்தபோது, இது எந்தக் கொதிகலனிலிருந்து வருகிறது என்ற நினைப்பு வந்தது. ஃபேனை நிறுத்தவில்லை.

வெளியே போய் 'ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவுகோல் வைக்காதே' என்று இந்தியா சொல்வது சரி. அதே வாக்கியத்தை எண்ணூரில் நின்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வரை, மேசையில் நாம் வைக்கும் வாதத்துக்குப் பாதி பலம்தான் என்று நினைக்கிறேன். நெய்வேலி வாசகருக்கு இது பிடிக்காது.

மாநாடு நடக்கும்போதெல்லாம் சென்னை மூழ்குகிறதே, கவனித்தீர்களா? நமக்கு நஷ்ட ஈடு கிடைக்காதா?
– வாசகர், வேளச்சேரி

கவனித்தேன். 2015 டிசம்பர் 1, பாரிஸில் மாநாடு தொடங்கிய மறுநாள். 2021 நவம்பர் 7, கிளாஸ்கோ மாநாட்டின் நடுவில். 2023 டிசம்பர் 4, துபாய் மாநாடு நடந்துகொண்டிருக்கும்போது மிக்ஜாம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அவர்கள் கூடுவது நவம்பர், டிசம்பரில். நம் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான்.

நஷ்ட ஈடு என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்த மண்டபத்தில் அது கெட்ட வார்த்தை. பாரிஸ் முடிவுகளின் 51-ஆம் பத்தியில், இழப்பும் சேதமும் என்று பேசுவதை வைத்துக்கொண்டு யாரும் பொறுப்பேற்கச் சொல்லியோ ஈடு கேட்டோ வரக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். ஆகவே கொடுப்பது உதவி. துபாயில் முதல் நாளே, தீவு நாடுகள் கேட்ட அந்த நிதிக்குப் பணம் அறிவித்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 10 கோடி டாலர், ஜெர்மனி 10 கோடி டாலர், அமெரிக்கா 1.75 கோடி டாலர். அன்றைய மதிப்பில் அமெரிக்காவின் பணம் சுமார் 145 கோடி ரூபாய். மிக்ஜாமுக்கு ரேஷன் கடையில் நமக்குக் கொடுத்த 6,000 ரூபாய்க் கணக்கில் போட்டால் 2,40,000 குடும்பத்துக்குத்தான் வரும். உலகத்துக்கே அவர்கள் அறிவித்தது அவ்வளவு. அதிலும் தீவு நாடுகளுக்கும் மிக ஏழை நாடுகளுக்கும் ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று விதி, அது சரியும்கூட.

பெரிய பணத்தின் கதையும் இப்படித்தான். 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் சொன்னார்கள். 2022-ல்தான் எட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். கடன் கொடுத்துவிட்டு போனஸ் கொடுத்தேன் என்று எந்த நிர்வாகமும் என்னிடம் சொன்னதில்லை. 2024-ல் பாகுவில் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டதற்கு, 2035-க்குள் 30,000 கோடி என்றார்கள். இந்தியா எழுந்து பேசுவதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. அதன்பிறகு நம் பிரதிநிதி கண்டித்துப் பேசியது பதிவில் இருக்கிறது, முடிவில் இல்லை.

இன்னொன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மண் கொட்டித் தூர்த்த பில்லை வாஷிங்டனுக்கு அனுப்ப முடியாது. வேளச்சேரிக்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியும்.

2015-ல் நான் இருந்தது ஜாபர்கான்பேட்டையில், தரைத்தளம். அடையாறு உள்ளே வந்தபோது அம்மாவையும் மருந்துப் பையையும் மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. மூன்றாம் நாள் இறங்கி வந்து பார்த்தால் பரண் வரை சேறு. டிரங்குப் பெட்டியில் அந்த ஆறு ஒப்பந்தங்களின் நகலும் இருந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து மாடியில் துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். டைப் அடித்த எழுத்து பெரும்பாலும் படிக்கிற மாதிரி இருந்தது, அந்த 'மே' உட்பட. பேனாவால் போட்ட கையெழுத்துகள் எல்லாம் நீலமாக வழிந்துபோயிருந்தன. என்னுடையது எது, நிர்வாகத்துடையது எது என்று இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நிவாரணம் 5,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. அதில் மெத்தை ஒன்று வாங்கினேன்.